சுக்கானின் வலது காது

அக்கா, அந்தக் குச்சியை மட்டும் காதுக்குள்ளே விடாதீங்க. பஞ்சு சுற்றிய குச்சிதான், தெரியுது. இருந்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வராது, இன்னும் அடியில் போய்க் கெட்டித்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை, உள்ளே உட்கார்ந்திருக்கிற டாக்டரம்மா சொன்னது. அவங்க கோயம்புத்தூர்ப் பக்கம். அவங்க மாதிரியே சொல்லட்டுமா? "ஏங்கண்ணு, நாய்க்காதென்ன நம்ம காதாட்டம் நேராவா போகுது? கெணத்துல எறங்கி, அடியில ஒரு சொரங்கம் பக்கவாட்டுல திரும்புனா எப்படி இருக்கும், அந்த மாதிரி. உள்ள போன தண்ணி மறுபடி மேலேறி வருமா, நீயே சொல்லு?"

மெதுவாகச் சிரிங்கக்கா, உள்ளே கேட்டுவிடும். போன தடவை இதே பெஞ்சில் உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க கண்ணு" என்று குரல் கொடுத்தேன். ஒரு பெரியவர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். அங்கே ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாங்க. பூனை, ஆடு, பெரியவர், மூன்றும் ஒரே நேரத்தில் கத்தின சத்தத்தை எனக்கு இன்னும் சரியாகச் செய்ய வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குட்டி பெயர் என்ன? முந்திரியா! நல்ல பெயர். முந்திரிக்குக் காதைப் புரட்டி முகர்ந்து பாருங்க. புளித்த மாவு வாடை அடிக்கிறதா? கொஞ்சமாகவா? அப்போ ஆரம்பம்தான், பயப்படாதீங்க. காபித்தூள் மாதிரி அழுக்கு வந்தால் ஒரு மருந்து, மஞ்சளாகச் சீழ் வந்தால் வேறு மருந்து. அழுக்கைத் தொட்டெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாங்க. காதுக்குள்ளே விளக்கு அடித்துச் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பாங்க. அது கிழிந்திருந்தால் சில மருந்தை விடவே கூடாதாம். வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினீங்களா? பூண்டு போட்டா? ஐயையோ. அதை டாக்டரம்மாவிடம் சொல்லிடுங்க, மறைக்காதீங்க. திட்டுவாங்க, ஆனால் சொல்லிடுங்க.

எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும் என்று பார்க்கிறீங்க. நான் வந்தது சுக்கானைக் கூட்டிப் போக. சுக்கான் என் நாய் இல்லை, பக்கத்து வீட்டு அமலோற்பவம் அத்தையோட நாய். பின்னாடி கூண்டில் வைத்து வைத்தியம் பார்த்தாங்க. இன்றைக்கு விடுகிறாங்க. கம்பவுண்டர் அண்ணன் வருகிற வரைக்கும் சும்மா இருக்க எனக்கு வராது. பேசட்டுமா?

என் பெயர் கிளீட்டஸ். பதினொன்றாம் வகுப்பு. இந்தத் தூத்துக்குடியில் நான் செய்யாத குரல் இல்லை. மீன் ஏலக்காரர் குரலில் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு சாளைக்கூடையை வஞ்சிரம் விலைக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் குரலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, "எட்டாம் வகுப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கல" என்றேன். ஒருத்தன்கூட ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் அடி எனக்குத்தான். அடிக்கிறபோது அவர் மூச்சுவாங்கின விதத்தையும் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் நான் செய்ததிலேயே பெரிய குரல் தொம்மை மாமா குரல். அமலோற்பவம் அத்தையோட வீட்டுக்காரர். தோணித் தண்டல். தண்டல் என்றால் தெரியுமா? இங்கிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற மரத்தோணிக்குத் தலைவர். காற்றுக்கு எதிரே கத்திக் கத்தி அவர் தொண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல், சொல்லி முடித்ததும் மூக்கால் ஒரு மூச்சு. அந்த மூச்சை யாரும் கவனிக்கமாட்டாங்க. அதைச் செய்யாவிட்டால் அது அவர் குரலே இல்லை. ஒருநாள் அவர் தோணியில் ஆட்கள் பாய் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் இருந்து, "லேய், பாய எறக்குங்கல" என்றேன். இறக்கிவிட்டாங்க. தொம்மை மாமா என் காதைப் பிடித்துத் தூக்கி, "எந் தொண்டைய எடுத்துக்கிட்டியேல மூதி" என்று சிரித்தார். அவர் சிரித்தால் தோணியே சிரிக்கும்.

சுக்கானுக்கு வாழை மடல் மாதிரி காது. ரெண்டும் கன்னத்தை மூடித் தொங்கும். மாமா அவனைத் துறைமுகத்துச் சுவரிலிருந்து கடலில் குதிக்கவிடுவார், தானும் குதிப்பார். காதுக்குள் தண்ணீர், மேலே மூடி போட்ட மாதிரி மடல். வலது காது சீழ் பிடித்தது. மாமாதான் முதலில் இங்கே கொண்டுவந்தார். சொட்டு மருந்து கொடுத்தாங்க, காலையிலும் சாயங்காலமும். மாமா முற்றத்தில் பாய் விரித்துக் காலை நீட்டி உட்காருவார். ஒரு செருமல். "தலைய வையி, சுக்கான்." மூக்கால் ஒரு மூச்சு. அவ்வளவுதான், அத்தனை பெரிய நாய் வந்து தொடையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். சொட்டு விட்டு, காதின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தேய்ப்பார். சளக், சளக் என்று உள்ளே சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் மருந்து அடிவரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தமாம். காது சரியான மாதிரி இருந்தது. மருந்து முடிவதற்குள் அவர் கடலுக்குப் போய்விட்டார். பாதியில் நிறுத்தக்கூடாது அக்கா, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. மேலே ஆறின மாதிரி இருக்கும், அடியில் இருக்கும்.

அந்தப் பயணத்தில் அவர் திரும்பி வரவில்லை. தோணி முழுகிவிட்டது. மற்ற ஆட்களை ஒரு கப்பல் எடுத்துக் காப்பாற்றியது. மாமா கிடைக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் அவருடைய வெள்ளைச் சட்டையை மடித்து வைத்து அடக்கம் பண்ணினாங்க. அத்தை அழவில்லை. பெட்டியை மூடுகிற நேரத்தில் சாமியாரிடம், "சட்டைக்குப் பொத்தான் போடலியே" என்று மட்டும் சொன்னாங்க.

சுக்கான் காது மறுபடி பொங்கிவிட்டது. தலையை ஆட்டுகிறான், சுவரில் தேய்க்கிறான், ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான், யாரோ கூப்பிடுகிறதைக் கேட்கிற மாதிரி. தெருவில் எல்லாரும், "தண்டல் கூப்பிடுறாரு, நாய்க்குக் கேக்குது" என்றாங்க. ஆனால் ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. கம்பவுண்டர் அண்ணன் வந்ததும் கையைப் பாருங்க, தழும்பு இருக்கும். அது சுக்கான் போட்டது. அத்தை மருந்துப் புட்டியோடு முற்றத்தில் அவன் பின்னாலேயே சுற்றுவாங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் செருமினேன். "தலைய வையி, சுக்கான்."

அக்கா, சொன்னால் நம்பமாட்டீங்க. அவன் அப்படியே நின்றான். போய்ப் பாயில் படுத்தான். தலையைத் தரையில் வைத்தான். அத்தை திரும்பியே பார்க்கவில்லை. கையில் புட்டியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாங்க. "இன்னொரு தடவ சொல்லு" என்றாங்க. திட்டுவாங்க என்று ஓடத் தயாராக இருந்தேன். இன்னொரு தடவை சொன்னேன். அத்தை உட்கார்ந்து மருந்து விட்டாங்க. சளக், சளக்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க. "நீ எதிர நின்னா நாய் கொழம்பிரும்ல. அடுக்களைக் கதவுக்குப் பின்னால இருந்துக்கோ." நியாயம்தானே? நாய்க்குக் குரல் மாமாவுடையது, முகம் என்னுடையது என்றால் குழப்பம்தானே. நான் கதவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். முற்றத்துப் பக்கம் அத்தை பாய் விரிப்பாங்க. குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்காருவாங்க. நாய்க்கு மருந்து விட எதற்குப் பூ என்று கேட்டேன். "சீழ் வாடைக்கு" என்றாங்க. கெட்டிக்காரி.

முதலில் அந்த ஒரு வாக்கியம்தான். பிறகு அத்தை, "ஒண்ணயே சொன்னா அதுக்கு அலுத்துப் போவும்ல கிளீட்டசு. சாப்பிட்டியான்னு கேளு" என்றாங்க. கேட்டேன். "சாப்பிட்டியா?" அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, "சாப்பிட்டேன். ரெண்டு இட்டிலி" என்றாங்க. நாய்க்குப் பதிலாக அவங்களே பதில் சொல்கிறாங்க! குழந்தைக்குப் பேசுகிறோமே, அந்த மாதிரி. அப்புறம் தினம் ஒன்று. "கால் வலி எப்படி இருக்குன்னு கேளு." கேட்டேன். "வீக்கம் வத்திட்டு." சுக்கானுக்குக் காலில் ஒன்றும் இல்லை அக்கா! "ராத்திரி கதவத் தாப்பாப் போட்டியான்னு கேளு." நாயிடம் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று கேட்கச் சொல்கிறாங்களே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முழங்காலைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம், "போட்டுட்டேன். நீங்க பயப்படாதீங்க" என்று பதில் வந்தது.

நாயை யாராவது நீங்க என்று சொல்வாங்களா? எங்கள் அத்தை சொல்வாங்க. அவ்வளவு மரியாதை.

ஒருநாள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். "தலைய வையி" என்று சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். சுக்கான் பாயில் தலையை வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், அதே பாயில், அத்தையும் தலையை வைத்துப் படுத்திருந்தாங்க. கண்ணை மூடிக்கொண்டு. பூ பாயில் நசுங்கிக் கிடந்தது. பாவம், நாள் முழுக்க வேலை, அசதியாக இருந்திருக்கும். நான் சத்தமில்லாமல் முக்காலிக்கு வந்துவிட்டேன்.

இப்படிக் கவனமாகப் பார்த்தும் காது ஆறவில்லை அக்கா. அதுதான் எங்களுக்குப் புரியவேயில்லை. இங்கே கொண்டுவந்தால், டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்து, "நல்லா ஆறிட்டு வருதுங்கண்ணு, இன்னும் ஒரு வாரம்" என்பாங்க. நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்வேன். சந்தோஷமான சேதி. அத்தை, "அப்படியா, அப்பம் அடுத்த வாரத்தோட சரியா" என்பாங்க. மறுவாரம் பார்த்தால் காது முன்னைவிட மோசம். வீங்கி, உள்ளே சிவந்து, நாற்றம் தாங்காது. மருந்தை மாற்றினாங்க. மாத்திரை கொடுத்தாங்க. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் காதில் அரிப்பு வரும் என்று மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தாங்க. ஆறுகிற மாதிரி வரும். மறுபடி பொங்கும். ஒவ்வொரு தடவையும், ஆறுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் பொங்கும். என் வாய் அப்படி.

டாக்டரம்மாவுக்கு என் மேல் சந்தேகம். "ஏஞ்சாமி, இவனைக் கடல்ல குளிக்க உடறயா?" என்றாங்க. மாமா போன பிறகு சுக்கான் கடல் பக்கமே போனதில்லை என்றேன். அவன் காது மயிரை விரித்துக் காட்டினாங்க. அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. "இது என்ன? நக்கிப் பாக்கறயா? உப்புடா." நான் சிரித்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு வந்து பாருங்க டாக்டர், சன்னல் கம்பியே உப்புப் பூத்து உதிருது, நாய் காது எம்மாத்திரம் என்றேன். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு உப்புக் காற்று எங்கே தெரியும்?

அத்தை வீட்டில் கடல் தண்ணீர் இருந்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. மாமா படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்திருப்பாங்க. விடியும் முன்னே கடற்கரைக்குப் போய்த் தாங்களே மொண்டுகொண்டு வருவாங்க. எனக்கு அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். மற்றவங்களுக்குக் கல்லறை இருக்கிறது, அங்கே போய் மெழுகுவர்த்தி கொளுத்துகிறாங்க. அத்தைக்கு அந்தக் குடுவைதான். தண்ணீர் மட்டம் தினமும் குறையும். வெயிலுக்கு வற்றுகிறது. மூடி போட்டிருந்தாலும் வற்றுகிறது, நம்ம ஊர் வெயில் அப்படி. சுக்கான் தலைப் பக்கம் பாயும் ஈரமாக இருக்கும், சீழ் வடிந்து வடிந்து.

எங்கள் ஆட்களுக்குக் கடல் தண்ணீர் என்றால் மருந்து அக்கா. வலை அறுத்த கை, மீன் முள் குத்திய கால், எதுவானாலும் கடலில் நனைத்தால் போதும் என்பாங்க. டாக்டரம்மா சொன்னதை அத்தையிடம் முதல் நாளே அவங்க குரலிலேயே சொல்லிவிட்டேன். "காதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாதுங்க. அதுலயும் உப்புத்தண்ணி போனா வெந்து போயிருமுங்க." அத்தை கவனமாகக் கேட்டாங்க. "உப்புத்தண்ணி போனா ஆறவே ஆறாதோ?" என்று திரும்பக் கேட்டாங்க. ஆறவே ஆறாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாங்க. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிற ஆள்.

ஏன்க்கா சிரிப்பை நிறுத்திட்டீங்க? முந்திரிக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு ஆரம்பம்தான்.

சரி, இதைக் கேளுங்க. இது கொஞ்சம் பயமாக இருக்கும். ஒருநாள் சாயங்காலம், வழக்கம்போலச் செருமினேன். "தலைய வையி, சுக்கான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "தலைய வையி, அமலி."

அமலி என்று அத்தையை யாரும் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே அவங்க அமலோற்பவம். மாமாவும் வெளியே "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எப்போதாவது சுவர் வழியே கேட்டிருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் மருந்துப் புட்டி தரையில் உருண்டுபோகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அத்தை, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரலில், "இவ்வளவு நாளா ஏன் அப்படிக் கூப்பிடல?" என்றாங்க. எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. "தொண்ட முழுக்கத் தண்ணி அமலி" என்றது. நான் சொல்லவில்லை அக்கா. சொன்னது என் வாய்தான், நான் இல்லை.

அதிலிருந்து அது நான் கூப்பிடாமலே வர ஆரம்பித்தது. வகுப்பில் பெயர் படிக்கிறபோது "உள்ளேன் ஐயா" என்றேன், உப்புத்தாள் குரலில் வந்தது. வாத்தியார் நான் கேலி செய்கிறேன் என்று வெளியே நிறுத்தினார். வீட்டில் தும்மினேன், தும்மி முடித்ததும் மூக்கால் அந்த மூச்சு. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். அப்பா மாமாவோடு சின்ன வயதில் தோணிக்குப் போனவர். "லேய், நாளையிலருந்து அங்க போவாத" என்றார். "நாய்க்குக் காதுல சீழ் அப்பா" என்றேன். "சீழ் நாய்க்கா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அப்பாவுக்கு எப்போதுமே பாதிப் பேச்சுத்தான்.

சுக்கானும் மாறிவிட்டான். முன்னே குரலைக் கேட்டதும் ஓடி வருவான். இப்போது குரலைக் கேட்டதும் வயிறு தரையில் தேய ஊர்ந்து வருவான். பாயில் தலையை வைப்பான், ஆனால் உடம்பு முழுக்க நடுங்கும். மாமாவை நினைத்துத்தான். அத்தனை பாசம்.

கடைசியில் காது மடல் பலூன் மாதிரி வீங்கிவிட்டது. தலையை ஆட்டி ஆட்டி, உள்ளே நரம்பு அறுந்து ரத்தம் கட்டிக்கொண்டது. இங்கே தூக்கிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா ரத்தத்தை எடுத்துவிட்டுத் தையல் போட்டாங்க. அன்றைக்கு அவங்க என்னைக் கண்ணு, சாமி என்று ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா காதுக்குழாயை முழுசா வெட்டி எடுத்துட்டுத் தச்சு மூடணும். அந்தக் காது அவனுக்கு அவ்வளவுதான். வீட்டுல இனிச் சொட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இவன் இங்கேயே கிடக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்" என்றாங்க. அப்புறம் என் தோளில் கை வைத்து, மெதுவாக, "அந்த வீட்டுல இவனை யார்கூடயும் தனியா உடாதே, புரியுதா?" என்றாங்க. புரிகிறது டாக்டர் என்றேன். அத்தை வீட்டில் அத்தையைத் தவிர யார் இருக்கிறாங்க, தனியாக விட? அவங்களுக்கு எங்கள் தெரு விவரம் தெரியாது.

சரி, குரல் இல்லாமல் இவன் எப்படி மருந்து விடவிடுவான் என்று எனக்குக் கவலை. கம்பவுண்டர் அண்ணனுக்கு மாமா குரலைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், அவருக்கு வரவில்லை. அவர் வெறுமனே, "வாடே மாப்ள, காதக் காட்டு" என்றார். சுக்கான் காட்டினான்! கடித்த கையிலேயே தலையைக் கொடுத்தான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை மாசம் நான் தொண்டையைக் கிழித்துக்கொண்டது எதற்கு?

அவன் இங்கே இருந்த நாளெல்லாம் நான் அத்தை வீட்டுக்குப் போகவேண்டிய வேலை இல்லைதானே. முதல் நாள் சாயங்காலம் அத்தை சுவரோரம் வந்து, "நேரமாச்சேல" என்றாங்க. "சுக்கான் ஆஸ்பத்திரியில இருக்கான் அத்தை." "தெரியும்ல." நின்றுகொண்டே இருந்தாங்க. பூ வைத்திருந்தாங்க. சரி, பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று நினைக்கிறாங்க என்று போனேன். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் இல்லாத பாயைப் பார்த்துச் செருமினேன். "தலைய வையி."

பாய் சரசரக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு நான் எட்டிப் பார்க்கவில்லை அக்கா. ஏன் என்று கேட்காதீங்க. பார்க்கத் தோன்றவில்லை.

இங்கே என்ன மாயமோ, காது ஆறிவிட்டது. அதே மருந்து, அதே புட்டி. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எங்க மருந்துல ஒண்ணும் மாயமில்லீங்கண்ணு" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. எனக்குத் தெரியும், இங்கே மின்விசிறி ஓடுகிறது, கடல் தூரம், உப்புக் காற்று இல்லை. அதுதான் காரணம். முந்திரியையும் மின்விசிறிக்குக் கீழே படுக்க வையுங்க.

இதோ, வந்துவிட்டான்! கம்பவுண்டர் அண்ணே, கயிற்றை இந்த அக்காவிடம் கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கக்கா, கடிக்கமாட்டான். காதைப் பாருங்க, உள்ளே எப்படி ரோஸ் நிறமாக இருக்கிறது. வாடை இருக்கிறதா? துளிகூட இல்லை.

வந்துட்டேன். இப்போ பாருங்கக்கா, ஒரு வேடிக்கை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்க, குரல் எப்படி இருக்கிறது என்று.

"தலைய வையி, சுக்கான்."

என்னடா இது. டேய். ஏன் பெஞ்சுக்கு அடியில் போகிறான்? ஐயோ, மூத்திரம் விட்டுவிட்டானே. சேலையை நகர்த்துங்கக்கா. உங்கள் காலைச் சுற்றிக்கொண்டு எப்படி நடுங்குகிறான் பாருங்க. கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை, அதற்குள் எஜமான் குரல் மறந்துவிட்டது. நன்றிகெட்ட பயல்.

இருங்க, போன். அத்தைதான்.

"சொல்லுங்க அத்தை. ஆமா, வெளிய விட்டுட்டாங்க. காஞ்சிருச்சு அத்தை. சுத்தமா. சொட்டு ஈரம் இல்லை... மருந்தா? இனிமே வேண்டாம்னுட்டாங்க, ஒண்ணுமே விட வேண்டாமாம்... அத்தை? இருக்கீங்களா?... எந்தக் காது?... இல்லையே, இடது காது நல்லாத்தானே இருக்கு. அதுல ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்லையே... கனவுலயா? அந்தப் பக்கமாத் தலையச் சாய்ச்சானா?... சரி, அழாதீங்க அத்தை. வந்து பாப்போம். பாயா? விரிச்சு வையுங்க. வாரேன் அமலி."

பார்த்தீங்களா. எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. மூக்கால் அந்த மூச்சுகூட வந்தது, கவனிச்சீங்களா?

எவ்வளவு பாசம் பாருங்கக்கா. ஒரு காது இப்போதுதான் சரியானது, அதற்குள் இன்னொரு காதை நினைத்துக் கவலைப்படுகிறாங்க. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் பார்க்கமாட்டாங்க.

சரி, கயிற்றைக் கொடுங்க. வெளியே ஆட்டோ நிற்கிறது. என்னக்கா? ஏன் கையில் சுற்றிக்கொள்கிறீங்க? டாக்டரம்மாவை எதற்குக் கூப்பிடுகிறீங்க, முந்திரி முறை இன்னும் வரவில்லையே. சுக்கான், எழுந்து வாடா. அக்கா, விளையாடாதீங்க. விடுங்க.

அக்கா, கயிற்றை விடுங்க. அங்கே பாய் விரித்துவிட்டாங்க.